நாற்பது அடி அகலத்தில் ஒரு முகம்

கைபேசியில் எடுத்த ஒரு முகம் 40 அடி அகல பிளெக்ஸ் பேனராகத் தெருமுனையில் ஏறுவதற்குள் குறைந்தது மூன்று மென்பொருள்களிடம் கைமாறிவிடுகிறது. முதலில் படத்தைத் திருத்தும் போட்டோஷாப் அல்லது அதன் பங்காளி ஒன்று. அடுத்து, எழுத்தையும் படத்தையும் ஓரிடத்தில் அடுக்கும் கோரல் டிரா, இல்லஸ்ட்ரேட்டர் போன்றவை. கடைசியாக, அச்சு இயந்திரத்துக்குப் பக்கத்துக் கணினியில் ஓடிக்கொண்டிருக்கும் ‘ரிப்’. ஆர்டர் கொடுக்கப் போகிறவர் முதல் இரண்டைத்தான் பார்க்கிறார். மூன்றாவதன் பெயர்கூடப் பலருக்குத் தெரியாது. ஆனால் எந்தப் புள்ளி எங்கே விழும், எந்த நிறம் எவ்வளவு ஊறும் என்று கடைசியில் முடிவு செய்வது அதுதான்.

மூன்றுக்கும் இருக்கும் சிக்கல் ஒன்றுதான். சுவர் எப்போதும் படத்தைவிடப் பெரியது. கையில் உள்ள தகவல் கொஞ்சம், நிரப்ப வேண்டிய பரப்பு ஏராளம். எங்கே நிஜமான விவரம் வேண்டும், எங்கே கண்ணை ஏமாற்றிவிடலாம் என்று பிரித்தறிவதில்தான் இந்த வேலையின் சூட்சுமம் இருக்கிறது.

கணினிக்கு முன்பே இதை அறிந்திருந்தவர்கள் சினிமா பேனர் ஓவியர்கள். சிறிய ஸ்டில் போட்டோவின் மேல் பென்சிலால் கட்டம் போடுவார்கள். துணியின் மேல் அதே எண்ணிக்கையில் பெரிய கட்டங்கள். சின்னக் கட்டத்துக்குள் இருப்பதைப் பெரிய கட்டத்துக்குள் ஏற்ற வேண்டியதுதான். பக்கத்தில் நின்று பார்த்தால் கன்னத்தில் ரோஜா நிறமும் நீலமும் அகலத் தூரிகையில் தாறுமாறாக இழுத்திருக்கும். சாலையின் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால் அதே கன்னம் வெயிலில் மின்னும். பார்ப்பவர் எங்கே நிற்பார் என்று தெரிந்து வரைந்த கை அது. 2000-களில் பிளெக்ஸ் இயந்திரங்கள் ஊர் ஊராக வந்தபோது அந்தக் கைகளுக்கு வேலை போயிற்று. கட்டமும் தூரக் கணக்கும் மட்டும் போகவில்லை, மென்பொருளுக்குள் குடியேறிவிட்டன. கட்டத்துக்கு இப்போது பிக்சல் என்று பெயர்.

தூரக் கணக்கிலிருந்தே தொடங்கலாம். நல்ல பார்வை உள்ள கண், ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு வரை இரண்டு புள்ளிகளைத் தனித்தனியாகப் பிரித்தறியும் என்பது பொதுவாகக் கொள்ளப்படும் அளவு. இதை அச்சுக்கு மாற்றினால் எளிய வகுத்தல் கணக்கு கிடைக்கும். 286-ஐப் பார்க்கும் தூரத்தின் அடிக்கணக்கால் வகுத்தால், ஒரு அங்குலத்துக்குத் தேவைப்படும் பிக்சல்களின் எண்ணிக்கை. ஒரு அடி தூரத்தில் பிடித்துப் படிக்கும் பத்திரிகைக்கு 286. அச்சகங்களில் மந்திரம்போல் ஓதப்படும் 300 என்ற எண் ஏறக்குறைய இதுதான். கல்யாண மண்டப வாசலில் 10 அடி தள்ளி நின்று பார்க்கும் பேனருக்கு 29 போதும். 50 அடி தூரத்து விளம்பரப் பலகைக்கு 6 கூட இல்லை. நடைமுறையில் யாரும் இவ்வளவு கீழே இறங்குவதில்லை. மக்கள் பேனருக்கு அருகே வந்து நின்று செல்ஃபியும் எடுப்பார்கள் என்பதால் இரண்டு மூன்று மடங்கு கூட்டியே வைப்பது வழக்கம்.

இந்தக் கணக்கு தெரியாதவர் எல்லாவற்றுக்கும் 300 வேண்டும் என்று அடம்பிடிப்பார். 40-க்கு 20 அடி பலகையை முழு அளவில் 300 பிக்சலில் உருவாக்கினால் அகலம் 1,44,000 பிக்சல், உயரம் 72,000. பெருக்கினால் ஏறத்தாழ 1,037 கோடி. சிஎம்ஒய்கே என்ற நான்கு மை நிறங்களுக்கும் ஆளுக்கு ஒரு பைட் வீதம் 41 ஜிபிக்கு மேல். அதே பலகை 30 பிக்சலில் 415 எம்பிக்குள் அடங்கிவிடும். தூரத்தில் நின்று பார்க்கும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

மென்பொருள்களின் உள்வரம்புகளும் இங்கே குறுக்கே வரும். போட்டோஷாப்பின் வழக்கமான பிஎஸ்டி கோப்பு ஒரு பக்கத்துக்கு 30,000 பிக்சலையும் மொத்தம் 2 ஜிபியையும் தாண்டாது. மேலே சொன்ன பலகையை 72 பிக்சலில் அமைத்தால்கூட அகலம் 34,560 ஆகிவிடும். கோப்பும் 2 ஜிபியைத் தாண்டிவிடும். இதற்காகவே 2003-இல் வந்த போட்டோஷாப் சிஎஸ் பதிப்பில் பிஎஸ்பி என்ற பெரிய கோப்பு வகை சேர்க்கப்பட்டது. அதன் வரம்பு ஒரு பக்கத்துக்கு 3,00,000 பிக்சல். ஜேபெக் 65,535 பிக்சலோடு நின்றுவிடும். டிஃப் கோப்பின் பழைய வடிவம் 4 ஜிபிக்கு மேல் போகாது. 2002-இல் வந்த 7.0 பதிப்பை விட மனமில்லாத டிசைனர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்கு பிஎஸ்பி கிடையாது. ஆனாலும் வேலை நிற்பதில்லை. காரணம், கடைகளில் எல்லோரும் கைக்கொள்ளும் பத்தில் ஒரு பங்கு அளவு. 40-க்கு 20 அடியை 48-க்கு 24 அங்குலமாக, 300 பிக்சலில் வடிவமைத்துவிட்டு, அச்சிடும்போது பத்து மடங்கு பெரிதாக்கச் சொல்வார்கள். முழு அளவில் அது சரியாக 30 பிக்சல். பழைய ஓவியரின் கட்டம்தான், வேறு பெயரில்.

மூலப் படம் எப்படி வந்து சேர்கிறது என்பது அடுத்த தலைவலி. 12 மெகாபிக்சல் கைபேசிப் படம் ஒன்றில் 4,000-க்கு 3,000 பிக்சல்கள் இருக்கும். 10 அடி அகலத்துக்கு அதை விரித்தால் அங்குலத்துக்கு 33. மண்டப வாசல் பேனருக்கு அது போதும். அதே படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் நீளப் பக்கம் ஏறத்தாழ 1,600 பிக்சலுக்குச் சுருங்கிவிடும், அங்குலத்துக்கு 13. எண்ணிக்கை குறைவதோடு தொல்லை தீர்வதில்லை. ஜேபெக் முறை படத்தை 8-க்கு 8 பிக்சல் சதுரங்களாக வெட்டி, ஒவ்வொன்றுக்குள்ளும் நுண்விவரங்களைக் கழித்துச் சேமிக்கிறது. கைபேசித் திரையில் தெரியாத அந்தச் சதுரங்கள் பேனரில் அரை அங்குலத்துக்கும் பெரிய செங்கல்களாக நெற்றியில் எழுந்து நிற்கும். ‘டாக்குமென்டா அனுப்புங்க’ என்று டிசைனர் நாளுக்குப் பத்து முறை சொல்வதற்குக் காரணம் இதுதான். ஆவணமாக அனுப்பினால் கோப்பு சுருக்கப்படாமல் அப்படியே வரும்.

இதைவிடக் கடினமானவை கண்ணீர் அஞ்சலி பேனர்கள். இறந்தவரின் படம் என்று வீட்டார் கொண்டுவருவது வாக்காளர் அட்டையாக இருக்கும். அல்லது இருபது வருஷத்துக்கு முந்தைய கல்யாண குரூப் போட்டோவில் மூன்றாவது வரிசையில் ஒரு தலை. பாஸ்போர்ட் அளவுப் படத்தை 1,200 புள்ளியில் ஸ்கேன் செய்தால் அகலத்தில் 1,650 பிக்சல் கிடைக்கத்தான் செய்யும். ஆனால் அந்தத் தாளிலேயே அவ்வளவு விவரம் இல்லை. பாதிக்கு மேல் காகிதத்தின் சொரசொரப்பும் கீறல்களும்தான். பத்திரிகையில் வந்த படம் என்றால் இன்னொரு சங்கடம்: அது ஏற்கெனவே அச்சுப் புள்ளிகளால் ஆனது. அந்தப் புள்ளிகளும் ஸ்கேனரின் கட்டமும் ஒன்றோடொன்று மோதி, முகத்தின் மேல் பட்டுப்புடவை மடிப்புபோல அலைகள் தோன்றும். புள்ளிகளைக் கரைக்கும் ‘டீஸ்க்ரீன்’ வடிப்பான் இதற்காகவே இருக்கிறது. கொஞ்சம் மங்கலை விலையாக வாங்கிக்கொண்டு அலையைப் போக்கிவிடும்.

பெரிதாக்கும் கணக்குகளின் வரலாறு இந்த இடத்தில் முக்கியமாகிறது. மிக எளிய முறை, பக்கத்துப் பிக்சலை அப்படியே நகலெடுப்பது. படிக்கட்டு விளிம்புகள் வரும். பைலீனியர் முறை சுற்றியுள்ள நான்கு பிக்சல்களின் சராசரியை எடுக்கும். பைக்யூபிக் பதினாறைப் பார்த்து வளைவாக நிரப்பும். இவை எதுவும் புதிய விவரத்தைக் கொண்டுவருவதில்லை, இருப்பதை நயமாக நிரவுகின்றன. 1990-களின் பிற்பகுதியில் வந்த ஜெனுயின் ஃப்ராக்டல்ஸ் என்ற செருகுநிரல், படத்துக்குள் திரும்பத் திரும்ப வரும் உருவ ஒப்புமைகளைப் பயன்படுத்தி விளிம்புகளைக் கூர்மையாக வைத்தது. பெரிய அளவு அச்சுக்காரர்களிடையே ஒரு காலத்தில் அதற்கு நல்ல பெயர். 2014-இல் ஹாங்காங் ஆய்வாளர்கள் நரம்பியல் வலையமைப்பைப் பழக்கிப் படத்தைப் பெரிதாக்கும் எஸ்ஆர்சிஎன்என் முறையை வெளியிட்டபின் திசை மாறியது. 2018-இல் டோபாஸ் நிறுவனத்தின் கிகாபிக்சல் கடைகளுக்கு வந்தது. 2021-இல் அடோபி தன் கேமரா ராவில் ‘சூப்பர் ரெசல்யூஷன்’ சேர்த்தது. அகலம் இரு மடங்கு, உயரம் இரு மடங்கு, மொத்தப் பிக்சல் நான்கு மடங்கு.

பழைய முறைகள் நிரவின என்றால், இவை ஊகிக்கின்றன. லட்சக்கணக்கான படங்களில் ஒரு கண் எப்படி இருந்ததோ அதை வைத்து இந்தக் கண்ணும் இப்படித்தான் இருக்கும் என்று இமை மயிரை வரைகின்றன. செங்கல் சுவர், புல்தரை, சேலை நெசவு என்றால் யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை. முகத்தில்தான் ஆபத்து. 2020-இல் டியூக் பல்கலைக்கழகத்தில் உருவான பல்ஸ் என்ற முறையில், பிக்சல் சிதைந்த பராக் ஒபாமா படம் ஒரு வெள்ளைக்காரரின் முகமாக வெளிவந்தது உலகம் முழுக்கப் பேசப்பட்டது. அஞ்சலி பேனரில் நடப்பதும் இதன் சிறு வடிவமே. வாக்காளர் அட்டையிலிருந்து மீட்ட முகம் பளபளவென்று வந்திருக்கும். வீட்டார் பார்த்துவிட்டு ‘நல்லாத்தான் இருக்கு, ஆனா அப்பா மாதிரி இல்லையே’ என்பார்கள். சுருக்கம் போய்விட்டது, மூக்கின் கோணல் நேராகிவிட்டது. இதற்குக் கைகண்ட வழி, ஊகித்த படத்தை ஒரு அடுக்கிலும் சாதாரணமாகப் பெரிதாக்கிய படத்தை அதன் மேல் அடுக்கிலும் வைத்து, கண், மூக்கு, வாய்ப் பகுதியில் மேலடுக்கைப் பாதியளவு கலப்பது. கூர்மை கொஞ்சம் போகும்; மனிதர் திரும்பி வருவார். எழுத்து உள்ள இடத்திலும் இதே எச்சரிக்கை வேண்டும். கடைப் பலகை பின்னணியில் இருந்தால் அதன் தமிழ் எழுத்துகளை இந்த மென்பொருள்கள் எந்த மொழியும் அல்லாத சுழிகளாக மாற்றிவிடுவது உண்டு.

பெரிதாக்கியபின் வருவது கூர்மையாக்கல். ‘அன்ஷார்ப் மாஸ்க்’ என்ற விசித்திரப் பெயர் இருட்டறைக் காலத்திலிருந்து வந்தது. மங்கலான பிரதி ஒன்றை முகமூடியாக வைத்து அசலின் விளிம்புகளைத் தூக்கிக் காட்டும் உத்தி அது. மென்பொருளும் அதையே செய்கிறது: மங்கலாக்கிய படத்தை அசலிலிருந்து கழித்து, மிஞ்சியதை அசலோடு கூட்டுகிறது. எவ்வளவு அகலத்துக்கு மங்கலாக்குவது என்பது மறுபடியும் தூரக் கணக்கு. பத்திரிகைக்கு ஒரு பிக்சல் போதும். பலகைக்கு மூன்று நான்கு பிக்சல் வைத்தாலும் 50 அடியில் இயல்பாகத் தெரியும். திரையில் முகத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு தெரிகிறதே என்று பயந்து குறைத்தால், மேலே ஏறியபின் படம் சோர்ந்து கிடக்கும். 100 சதவீதத்தில் திரையைப் பார்த்து முடிவெடுப்பதைவிட, எழுந்து நாலு அடி பின்னால் போய்ப் பார்ப்பது நல்லது.

வான நிறச் சரிவுகள் இன்னொரு பொறி. ஒரு நிறத்துக்கு 8 பிட் என்றால் கருமையிலிருந்து வெண்மை வரை 256 படிகள்தான். அதை 40 அடிக்கு விரித்தால் ஒவ்வொரு படியும் கிட்டத்தட்ட 2 அங்குலம். வானம் கருமையிலிருந்து வெண்மை வரை போவதில்லை. இளநீலத்திலிருந்து கொஞ்சம் கருநீலம் வரைதான். அப்போது ஒரு பட்டை அரை அடிகூட இருக்கலாம். கல்யாண பேனரின் பின்னணியில் வரிவரியாகத் தெரியும் கோடுகள் பல நேரம் இயந்திரக் கோளாறு அல்ல, இந்தப் படிகள்தான். மருந்து எளிது: சரிவின் மேல் கொஞ்சம் ‘நாய்ஸ்’ தூவினால் படியின் எல்லை கலைந்துவிடும். வெவ்வேறு இடங்களிலிருந்து வெட்டி ஒட்டிய முகங்களை ஒரே படமாகக் காட்டவும் இதே தூள் உதவும். கட்சி பேனர்களில் தலைவர் படம் ஸ்டூடியோத் தெளிவில் இருக்கும். வரவேற்கும் வட்டச் செயலாளர் வாட்ஸ்அப் தெளிவில் இருப்பார். இருவர் மேலும் ஒரே அளவு நாய்ஸ் போட்டால் அந்த ஏற்றத்தாழ்வு குறையும். படத்தில் மட்டும்தான்.

வெட்டுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2018-இல் வந்த ‘செலக்ட் சப்ஜெக்ட்’ வசதிக்குப் பின் பென் டூலால் மணிக்கணக்கில் சுற்றிவர வேண்டிய அவசியம் குறைந்துவிட்டது. தலைமுடியும் மல்லிகைச் சரமும் இன்னும் தகராறு செய்யும். பழைய பின்னணியின் பச்சையோ நீலமோ முடியின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டே வரும். கைபேசியில் தெரியாத ஒரு பிக்சல் ஓரம், பேனரில் பென்சில் தடிமன் கோடு.

தமிழ் எழுத்து தனிக் கதை. யூனிகோடில் ‘கெ’ என்பது முதலில் க, பிறகு கொம்பு என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது; காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டுவர வேண்டியது மென்பொருளின் வேலை. போட்டோஷாப்பின் பழைய பதிப்புகளுக்கு இது தெரியாது. கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். ‘கொ’ உடைந்து சிதறும். அதனால்தான் பாமினி, வானவில் போன்ற பழைய குறியாக்க எழுத்துருக்கள் பேனர் கடைகளில் இவ்வளவு காலம் ஆயுளோடு இருக்கின்றன. அவற்றில் கொம்பு ஒரு தனி எழுத்து. கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே தட்டச்சு செய்யலாம். வாடிக்கையாளர் யூனிகோடில் அனுப்பும் வாசகத்தை என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற கருவியால் மாற்றி ஒட்டுவார்கள். மாற்றும்போது ஒரு ஒற்று விழுந்துவிட்டால் யாரும் கவனிப்பதில்லை, பேனர் ஏறும்வரை. புதிய பதிப்புகளில் இந்திய எழுத்துகளுக்கான அடுக்குமுறையைத் தேர்ந்தெடுத்தால் யூனிகோடே ஒழுங்காக வரும்.

எந்த எழுத்துருவானாலும் அச்சுக்குப் போகுமுன் அதைக் கோடுகளாக மாற்றிவிட வேண்டும். கோரலில் கன்ட்ரோல், க்யூ. அதன்பின் அது எழுத்து அல்ல, வளைவுகளாலான உருவம். எழுத்துரு இல்லாத கணினியிலும் மாறாது. வளைவு என்பதற்கு இன்னொரு லாபமும் உண்டு. பிக்சலைப் பெரிதாக்கினால் உடையும். வளைவைப் பெரிதாக்கினால் சமன்பாட்டில் எண் மட்டும்தான் மாறும். மணமக்கள் முகம் 30 பிக்சலில் இருக்கலாம். பெயர் மட்டும் இயந்திரத்தின் முழுத் துல்லியத்தில் விழும். எழுத்தையும் போட்டோஷாப்பிலேயே எழுதி ஜேபெக்காகச் சேமித்து அனுப்புகிறவர்கள் இந்த லாபத்தை வீணாக்குகிறார்கள்.

இனி நிறம். திரை ஒளியால் நிறம் காட்டுகிறது. பிளெக்ஸ் மையால் ஒளியை விழுங்கிக் காட்டுகிறது. சிவப்பு, பச்சை, நீலம் என்ற ஆர்ஜிபி கணக்கை சயான், மஜெண்டா, மஞ்சள், கருப்பு என்ற கணக்குக்கு மாற்றும்போது சில நிறங்களுக்கு மறுகரையில் இடமே கிடையாது. திரையில் மின்னும் நீலம் பிளெக்ஸில் கத்தரிப்பூ நிறமாகும். பட்டுப்பாவாடையின் கிளிப்பச்சை சோம்பிப்போகும். இந்த மாற்றத்தை ஒழுங்குபடுத்தத்தான் 1993-இல் எட்டு நிறுவனங்கள் சேர்ந்து ஐசிசி என்ற அமைப்பைத் தொடங்கின. ஒவ்வொரு கருவிக்கும் ‘புரொஃபைல்’ என்ற நிற ஜாதகம் ஒன்றை அது வகுத்தது. இந்த எண்ணைக் கொடுத்தால் இந்த இயந்திரம், இந்த மையில், இந்தப் பிளெக்ஸில் எந்த நிறத்தைத் தரும் என்ற அட்டவணை அது. நடுவில் கண்ணின் உணர்வை அடிப்படையாகக் கொண்ட பொது நிறவெளி இருக்கும். ஒரு ஜாதகத்திலிருந்து அதற்கு ஏறி, இன்னொன்றுக்கு இறங்குவார்கள். இடமில்லாத நிறத்தை என்ன செய்வது என்பதற்கும் விதிகள் உண்டு. ‘பெர்செப்சுவல்’ விதி எல்லா நிறங்களையும் சேர்த்து ஒடுக்கி உறவைக் காக்கும். முகங்களுக்கும் புடவைக்கும் ஏற்றது. ‘ரிலேட்டிவ் கலரிமெட்ரிக்’ இடமுள்ளவற்றைத் தொடாமல் மற்றதை ஓரத்துக்குத் தள்ளும். கட்சிக் கொடி, கம்பெனி முத்திரை போன்றவற்றுக்கு ஏற்றது.

முறையாகச் செய்தால், நூற்றுக்கணக்கான நிறச் சதுரங்களை அச்சிட்டு, நிறமாலைமானியால் அளந்து, ஒவ்வொரு வகைப் பிளெக்ஸுக்கும் தனி ஜாதகம் எழுத வேண்டும். சதுர அடிக் கணக்கில் ரூபாய் ரூபாயாகப் போட்டி போடும் தொழிலில் பல கடைகள் இயந்திரம் விற்றவர் ஏற்றிக் கொடுத்த ஒன்றையே எல்லாவற்றுக்கும் ஓட்டுகின்றன. ரோல் மாறும், மை மாறும், ஜாதகம் மாறாது. நிறம் பற்றிய புகார்களில் பெரும்பங்கு இந்தச் சிக்கனத்தில் பிறக்கிறது.

இங்கிருந்து ரிப்பின் ஆட்சி. ராஸ்டர் இமேஜ் ப்ராசஸர் என்பதன் சுருக்கம். ஓனிக்ஸ், கால்டெரா, வசாட்ச், எர்கோசாஃப்ட், போட்டோபிரிண்ட், மெயின்டாப் என்று பல உண்டு. இந்த மென்பொருள் பார்க்கும் உலகத்தில் வண்ணம் என்று ஒன்று கிடையாது. ஓரிடத்தில் துளி விழ வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வி மட்டுமே உண்டு. இயந்திரம் ஒரு பக்கம் 360, மறுபக்கம் 720 புள்ளியில் அச்சிடுவதாகக் கொண்டால், நம் 40-க்கு 20 அடி பலகையில் ஒரு நிறத்துக்கு ஏறத்தாழ 2,986 கோடி இடங்கள். நான்கு நிறங்களுக்கும் சேர்த்து, இடத்துக்கு ஒரு பிட் வீதம், 15 ஜிபி. உள்ளே போனது 415 எம்பி படம். படத்தின் 30 பிக்சலையும் இயந்திரத்தின் 720 புள்ளியையும் ஒன்றாக எண்ணிக் குழம்புகிறவர்கள் உண்டு. முன்னது நிறம் சொல்லும் கட்டம். பின்னது அந்த நிறத்தைத் துளிகளால் கட்டும் செங்கல். ஒரு கட்டத்துக்குள் இங்கே 288 செங்கல்கள்.

எந்தெந்த இடத்தில் துளியை விடுவது என்று தீர்மானிக்கும் கணக்குகளில் பேர்பெற்றது ராபர்ட் ஃப்ளாய்டும் லூயிஸ் ஸ்டைன்பெர்க்கும் 1976-இல் வெளியிட்டது. அதன் யோசனை மளிகைக் கடையில் சில்லறைக் கணக்கு வைப்பது போன்றது. ஓரிடத்தில் 40 சதவீதம் மை வேண்டும். துளியோ முழுசாகத்தான் விழும். சரி, இங்கே விடவில்லை, 40 கடன். அந்தக் கடனைப் பதினாறு பங்காக்கி, வலப்பக்கத்துக்கு 7, கீழே 5, கீழ் இடதில் 3, கீழ் வலதில் 1 என்று பிரித்துவிடு. கடன் சேர்ந்து பாதியைத் தாண்டிய இடத்தில் ஒரு துளி விழும். கூடுதலாக விழுந்ததைப் பக்கத்தில் கழித்துக்கொள்ளலாம். எந்த ஒரு புள்ளியிலும் நிறம் சரியில்லை, மொத்தத்தில் கணக்கு நேர். பேனர் ஓவியரின் ரோஜா நிற இழுப்பும் நீல இழுப்பும் செய்ததும் இதைத்தான். இந்த முறையில் சில இடங்களில் புழு ஊர்ந்ததுபோல் வரிசைகள் தோன்றும் என்பதால், புள்ளிகளைச் சமமாகவும் அதே சமயம் ஒழுங்கு தெரியாமலும் தூவும் பிற முறைகளையும் இன்றைய ரிப்புகள் வைத்திருக்கின்றன.

மையின் அளவுக்கும் ரிப்தான் காவல். நான்கு நிறத்தையும் முழுதாகக் கொட்டினால் 400 சதவீதம். பிளெக்ஸ் என்பது பாலியெஸ்டர் வலையின் மேல் பிவிசி பூசியது, காகிதம்போல் உறிஞ்சாது. சால்வென்ட் மை மேல்தோலைக் கொஞ்சம் கரைத்து ஒட்டிக்கொண்டு, மிச்சம் ஆவியாக வேண்டும். அளவு மிஞ்சினால் வழியும், காயாது, சுருட்டிவைத்த ரோல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். 250 முதல் 300 சதவீதத்துக்குள் நிறுத்துவது வழக்கம். சாம்பல் நிறம் வர வேண்டிய இடத்தில் சயான், மஜெண்டா, மஞ்சள் மூன்றையும் கலப்பதற்குப் பதில் அந்தப் பங்கைக் கழித்துக் கருப்பை வைக்கும் ஜிசிஆர் முறையும் இங்கே உதவும். மையும் மிச்சம், நிழல்களில் செம்மையோ பச்சையோ ஏறுவதும் குறையும். கருப்புக்கு மட்டும் நேரெதிர். கருப்பு மை தனியாக விழுந்தால் பெரிய பரப்பில் சாம்பல்போல வெளிறும். 60 சயான், 40 மஜெண்டா, 40 மஞ்சளைக் கருப்போடு சேர்த்தால் 240-க்குள் அடர் கருப்பு கிடைக்கும். சின்ன எழுத்துக்கு இதைச் செய்யக் கூடாது. மை தெளிக்கும் ஹெட் ஒரு மயிரிழை விலகினாலும் எழுத்தைச் சுற்றி நிற நிழல் விழும்.

பின்னால் விளக்கு வைக்கும் பலகைக்குத் தனி அமைப்பு வேண்டும். ஒளி மையின் ஊடாக ஒரே முறை கடந்து வருவதால், வழக்கமான அளவில் அச்சிட்டது இரவில் வெளுத்துவிடும். அதற்கென அதிக மை விடும் தனி ஜாதகமோ, ஒரே இடத்தில் இரண்டு முறை ஓட்டும் அமைப்போ வைப்பார்கள். பேருந்துக் கண்ணாடியில் ஒட்டும் துளையிட்ட வினைலில் பரப்பின் ஒரு பகுதி ஓட்டைகளாகவே இருக்கும். மெல்லிய கோடும் சிறிய எழுத்தும் அதில் கரைந்துபோகும் என்பதை வடிவமைக்கும்போதே நினைவில் வைக்க வேண்டும்.

ஹெட் ஒரு ஓட்டத்தில் எல்லாத் துளியையும் விடுவதில்லை. நான்கு பாஸ், ஆறு பாஸ் என்று பிரித்துப் பிரித்து நிரப்பும். துளி விடும் துளையான நாசில் ஒன்று அடைத்திருந்தாலும் அடுத்த ஓட்டத்தில் வேறொன்று அந்த இடத்தைக் கடக்கும் என்பதால் கோடு தெரியாது. அவசர ஆர்டருக்கு இரண்டு பாஸில் ஓட்டினால் வேகம் கிடைக்கும். கூடவே குறுக்குக் கோடும். முகூர்த்த நாளுக்கு முந்தின இரவில் அச்சான பேனர்களில் இதை எளிதாகக் காணலாம்.

ரோலின் அகலம் பெரும்பாலும் 10 அடிதான். 20 அடி உயரப் பலகையை அப்படியே ஓட்ட முடியாது; துண்டு போட வேண்டும். ரிப்பே வெட்டித் தரும். இணைப்புக்காக ஓரத்தில் அங்குலமோ இரண்டு அங்குலமோ படத்தை இரு துண்டுகளிலும் மறுபடி அச்சிட்டு, ஒட்டுமிடக் குறியையும் துண்டின் எண்ணையும் போட்டுவிடும். எங்கே வெட்டுவது என்பதை அதனிடமே விட்டால் சமமாகப் பிரித்துவிடும். அப்போது இணைப்பு நேராக மூக்கின் மேலோ ஒரு கண்ணின் மேலோ போகலாம். கொஞ்சம் நகர்த்திக் காதுக்கு வெளியே, அல்லது எழுத்துக்கும் படத்துக்கும் நடுவில் கொண்டுபோய் வைப்பது டிசைனரின் பொறுப்பு. இன்னொரு தொல்லை: பல இயந்திரங்களில் அச்சின் இடது ஓரமும் வலது ஓரமும் ஒரே அடர்த்தியில் வராது. முதல் துண்டின் வலது ஓரம் இரண்டாவதன் இடது ஓரத்தோடு சேரும்போது, ஒரே வானம் இரண்டு நீலமாகத் தெரியும். அதனால் அனுபவமுள்ள ஆப்பரேட்டர் ரிப்பில் ஒன்றுவிட்டு ஒரு துண்டைத் தலைகீழாகத் திருப்பிப் போடுவார். அப்போது வலது ஓரம் வலது ஓரத்தோடும், இடது இடதோடும் சேரும். அடர்த்தி வித்தியாசம் இருக்கும் இடத்திலேயே இருக்கும். இணைப்பில் மட்டும் தெரியாது. எல்லாத் துண்டுகளும் ஒரே ரோலில், இடையில் நிறுத்தாமல் ஓடி முடிய வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. ரோல் பாதியில் தீர்ந்து, வேறு பெட்டியிலிருந்து எடுத்த ரோலில் மீதியை ஓட்டினால், அந்த இரண்டு வெள்ளையும் வேறு வேறு வெள்ளை.